முதல் வாடிக்கையாளரின் கருத்து, இரண்டு வரிக்கு மிகாமல்

மேலாளர் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் ஐந்து மாதமாகத் தகுதிகாண் பணியில் இருக்கும் நிதி ஆலோசகரின் முதல் வாடிக்கையாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலக வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடும் காவலாளியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம். என் வலது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைப்பதில்லை. தாங்கள் அனுப்பிய கருத்துப் படிவம் திங்கட்கிழமை கைக்குக் கிடைத்தது. நல்ல வழுவழுப்பான தாள். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள், கடைசியில் "வேறு கருத்துகள் இருப்பின் இரண்டு வரிக்கு மிகாமல் எழுதவும்" என்று அச்சடித்து, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து, எடைக்கற்களுக்கு முத்திரை குத்தி, அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவன் நான். இரண்டு வரியில் எனக்கு வணக்கமே முடியாது. ஆகவே தனித்தாளில் எழுதி, படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தி அனுப்புகிறேன். தங்கள் கையெழுத்தை வைத்து ஐயாவா அம்மாவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

முதலில், படிவத்தின் தலைப்பில் தனியாக இருக்கும் உறவு பற்றிய கேள்வி. "ஆலோசகர் உங்களுக்கு உறவினரா?" என்பதற்கு நான் "ஆம்" கட்டத்திலும் "இல்லை" கட்டத்திலும் டிக் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பெரியவருக்குக் குழப்பம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆலோசகர் என் ஒரே மகள். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மகள் இல்லை. சொந்த வீட்டுக் கணக்கைச் சரிசெய்யத் தெரியாதவர் ஊரார் கணக்கைத் தொடக் கூடாது, ஆகவே முதல் இரண்டு வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே வர வேண்டும், ஒரே வீடு என்றாலும் ஆளுக்கொரு ஃபைல், ஒருவர் விஷயம் இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது என்பது தங்கள் நிறுவனத்தின் விதியாமே. இந்த விதியைப் போட்டவர் கல்யாணம் ஆகாதவராகத்தான் இருக்க வேண்டும். முதல் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது தெரியுமா? நாலே முக்கால் வரைக்கும் என் மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தலைமுடிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் உடுப்பு மாற்றினாள், ஃபைலை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். சரியாக ஐந்து மணிக்கு காலிங் பெல். திறந்தால் அவளேதான் நிற்கிறாள். "சாவி எடுத்துட்டுப் போகலையா?" என்றேன். "வணக்கம் சார். அஞ்சு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். உள்ளே வரலாமா?" என்கிறாள். அவளைப் பெற்றவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பழைய கோப்பைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தோடு வந்த கடிதத்தில், இரண்டு வாடிக்கையாளர்களும் போடும் மதிப்பெண்ணின் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் ஆலோசகரின் பணி உறுதி செய்யப்பட மாட்டாது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பக்கம், அவள் முன்பு வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேப்காரர், "உங்க பொண்ணு திரும்பி வர்றதா இருந்தா மாசக் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிலையான சம்பளம், வெள்ளைக் கோட்டு, உட்கார்ந்த இடத்தில் வேலை. ஆக, அடுத்த முப்பது வருடம் என் மகள் எங்கே உட்காரப் போகிறாள் என்பது நான் போடுகிற ஒரு டிக்கில் நிற்கிறது. அவசரப்பட்டுப் போடக் கூடாது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். தராசோடு வாழ்ந்தவன், ஆகையால் நிதி ஆலோசகர் வேலையில் இருக்கிற நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு சொல்வேன். இதை இப்போதே எழுதியும் ஆக வேண்டும். ஏனென்றால் என் மனைவியின் மூக்குக்கண்ணாடி கால் உடைந்து கடையில் கிடக்கிறது, வியாழக்கிழமைதான் கிடைக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சுவரும் செய்தித்தாளும் ஒன்றுதான். அதுவரைக்கும் நான் மனம்விட்டு எழுதலாம்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வேலையில் யாரும் ஊசி குத்த வேண்டியதில்லை, யாரும் மயங்கி விழ மாட்டார்கள். சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள் என்றாள், சந்தோஷம். சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒரு பெரிய நன்மை. என் மைத்துனர் வருஷா வருஷம் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்கி, என் படுக்கையில் படுத்துக்கொண்டு என்னைச் சோபாவுக்கு அனுப்புவார். இந்த வருடம் வந்த அன்றைக்கு ராத்திரி என் மகள் ரொம்பச் சாதாரணமாக, "மாமா, நீங்க ஓய்வு பெறுறதுக்கு எவ்வளவு சேர்த்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் பெட்டி கட்டிவிட்டார். ஏதோ தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி ஞாபகமாம். ஆனால் இதுவே கெட்டதும்கூடப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெண்டு மணி நேரம் போன் பேசுகிற என் அண்ணன், இப்போ "ஹலோ"ன்னு என் குரலைக் கேட்டதும் "பொண்ணு பக்கத்துல இருக்காளா?"ன்னு கேட்கறார். இருக்கான்னு சொன்னா சிக்னல் போயிடுது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம், நாங்க உக்கார்ந்த வரிசையில எங்க மூணு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. கொஞ்ச நேரம் எனக்கு வருத்தமா இருந்துது, அப்புறம் மின்விசிறிக் காத்து முழுக்க நமக்கேன்னு சமாதானம் ஆயிட்டேன்.

சம்பளத்தைப் பத்தி நான் பேச மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். லேப்ல வாங்கினதுல பாதி. செருப்பு மட்டும் ரெண்டு மடங்கு தேயுது. ஆனா நான் சொல்ல வந்தது வேற. எங்க மாடி வீட்டுல ஒரு பல் டாக்டர் இருக்கார், ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளயே நிதி ஆலோசகர் வந்தாச்சுன்னு தெரிஞ்சதும் நாங்க சாப்பிட உக்கார்ற நேரமாப் பார்த்து இறங்கி வர ஆரம்பிச்சார். "அம்மாடி, இந்த வருஷம் எதும்மா ஏறும்?"னு கேட்கறார். என் பொண்ணு கையைத் துடைச்சுட்டு, "எனக்குத் தெரியாது அங்கிள்"ங்கறா. "சரி, எது இறங்கும்?" "அதுவும் தெரியாது." "பின்ன என்னதாம்மா தெரியும்?" "உங்களுக்கு எவ்வளவு போனா தாங்கும்னு கேட்கத் தெரியும்." மனுஷன் ஒரு மாதிரி பார்த்துட்டு மேல போயிட்டார். எனக்கு மானம் போச்சு. அவர் போனதும் பிடிபிடின்னு பிடிச்சேன். "ஏம்மா, ஆலோசகர்னு அட்டை அடிச்சு வெச்சுக்கிட்டு எவளாவது எனக்குத் தெரியாதுன்னு சொல்வாளா? நான் ஒரு கடைக்குள்ள போய் இந்தத் தராசு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்னை வேலையில வெச்சிருப்பானா?"ன்னேன். "தராசு உங்க கண்ணு முன்னாடி இருந்துதுப்பா. அடுத்த வருஷம் என் கண்ணு முன்னாடி இல்லையே"ன்னா. அந்தக் கோபத்துல அன்னைக்கு நான் மோர் ஊத்திக்காமலே எழுந்துட்டேன்.

இப்போ மூணாவது செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன், மன்னிக்கணும். அன்னைக்கு அவ ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தா. உங்க ஆபீஸ் தாள்தான். "நீங்க போட்ட பணத்துல அஞ்சுல ஒரு பங்கு ஒரே மாசத்துல குறைஞ்சு போச்சுன்னா என்ன செய்வீங்க? ஒண்ணு, எல்லாத்தையும் எடுத்துடுவேன். ரெண்டு, பொறுமையா இருப்பேன். மூணு, இன்னும் கொஞ்சம் போடுவேன். நாலு, எனக்குத் தூக்கம் வராது." நாலையும் ரெண்டு தடவை வாசிச்சேன். என்ன பிடிச்சுதோ தெரியல, வாய் சும்மா இருக்காம, "இதுல 'வீட்டுல சொல்ல மாட்டேன்'னு ஒரு விடை இல்லையே மேடம்"னுட்டேன். பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா. மகள் பார்வை இல்ல அது. ரத்தம் எடுக்கறப்போ நரம்பைத் தேடுவாங்களே, அப்படி ஒரு பார்வை. "அப்படி எவ்வளவு சார் குறைஞ்சுது?"ன்னு மெதுவா கேட்டா. கேட்ட விதத்துல நான் சொல்லிட்டேன். பதினோரு வருஷமா ஒரு ஜீவனுக்கும் சொல்லாததை, செவ்வாய்க்கிழமை அஞ்சே முக்காலுக்கு, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில வெச்சுச் சொல்லிட்டேன்.

உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்களும் ரகசியம் காக்கற ஆபீஸ்தானே. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவுக்கு ஒருத்தன் வந்துபோயிட்டு இருந்தான். பேரு எதுக்கு, நாங்க 'இஸ்திரி'ன்னு கூப்பிடுவோம். உக்கார்ந்தாலும் எழுந்தாலும் சட்டையில ஒரு மடிப்பு விழாது. அவனும் தன்னை நிதி ஆலோசகர்னுதான் சொல்லிக்கிட்டான். அவன் வாயில 'தெரியாது'ங்கற வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்ல. எது ஏறும், எப்போ ஏறும், எந்த மாசம் எத்தனாம் தேதி ஏறும், எல்லாம் தெரியும் அவனுக்கு. நான் என்னோட பதினாலு மாசச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்தேன். எதைப் பார்த்துக் கொடுத்தேன்னு கேளுங்க. ரசீதைப் பார்த்து. பச்சைக் கலர் ரசீது, வரிசை எண் 214, கீழ வட்டமா ஒரு முத்திரை. மை எங்கேயும் கசியல, விளிம்பு உடையல, எழுத்து ஒண்ணுகூட மங்கல. அப்படி ஒரு சுத்தமான முத்திரையை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. முத்திரை சரியா இருந்தா சரக்கும் சரியா இருக்கும்னு முப்பத்தொரு வருஷம் பழகின கண்ணு, அங்கேயே விழுந்துட்டேன். அடுத்த மாசம் ஆளைக் காணோம். தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டினவன், கல்லைக் குடைஞ்சு ஈயத்தை எடுத்தவன், இப்படி எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன். கடைத்தெருவுல நான் நடந்தா வியாபாரிங்க எழுந்து நிப்பாங்க. அந்த மனுஷன் ஒரு ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து ஏமாந்தான்னு வீட்டுல எந்த வாயால சொல்றது? ரசீதைப் பழைய எடைக்கல் பெட்டிக்கு அடியில வெச்சுப் பூட்டினேன். அதுக்கப்புறம் செலவைச் சுருக்கினேன். பஸ்ல போக வேண்டிய இடத்துக்கு நடந்தேன். முழங்கால் போனது அப்படித்தான், டாக்டர் வயசுங்கறார், நான் ஒண்ணும் சொல்றதில்ல. கடலைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னு மனைவிக்குச் சொல்லியிருந்தேன், அதையும் அப்படியே விட்டுட்டேன். நல்லவேளையா அவளும் கேட்கல. அவளுக்கும் வயசு ஏற ஏறக் கஞ்சத்தனம் ஏறிடுச்சு. ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைச்சுக் கொடுக்கறவ, எங்க வீட்டு ஹால்ல பதினோரு வருஷமா அதே பழைய சீலையை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மாட்டறா.

மகள் இந்த வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ நான் ஏன் தாம்தூம்னு குதிச்சேன்னு இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். வெயில்ல அலையணும், செருப்பு தேயும், சொந்தம் அறுந்துபோகும்னு பதினேழு காரணம் சொன்னேன். பதினெட்டாவதை மட்டும் சொல்லல. சரி, அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்னதும் அவ என்ன செஞ்சான்னு கேட்கணுமே நீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு உக்கார்ந்திருந்தேன், திட்டப் போறான்னு. எனக்கு ஆயிரம் புத்தி சொல்லிட்டு நீங்களாப்பா இப்படின்னு ஒரு வார்த்தை வரும்னு. வரல. "திரும்பி வர வாய்ப்பு இருக்கா சார்?"னு கேட்டா. இல்லன்னேன். அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டா. அடுத்த கேள்விக்குப் போனா. ஆறரைக்கு எழுந்து, "நன்றி சார், அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்"னுட்டு வெளியில போய், சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ள வந்து, "அப்பா, அந்தப் பருப்பு டப்பாவை எங்கே வெச்சீங்க, அம்மா தேடறாங்க"ன்னா. அந்த நிமிஷம் படிவம் வந்திருந்தா அஞ்சுக்கு ஆறு போட்டிருப்பேன்.

ஆனா வீட்டுல இன்னொருத்தி இருக்காளே. அன்னைக்கே பிடிச்சுக்கிட்டா. "அந்த மனுஷன்கிட்ட ஒன்றரை மணி நேரம் என்னடி பேசின?" "அது வாடிக்கையாளர் ரகசியம்மா." "ரகசியமா? அவரோட பனியன் சைஸ்லேர்ந்து பல்லுல எத்தனை ஓட்டைங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம அவருக்கு என்னடி ரகசியம்?" "உங்களுக்கும் வேணும்னா ஒரு நேரம் ஒதுக்கறேம்மா. ஆனா நீங்க வேற ஃபைல்." என் மனைவிக்கு முகம் சிவந்துபோச்சு. கல்யாணமாகி முப்பது வருஷத்துல அவளை யாரும் வேற ஃபைல்னு சொன்னதில்ல. ரெண்டு நாள் மகளோட பேசல. மூணாவது நாள் தலையை வாரிக்கிட்டு, நல்ல புடவையா கட்டிக்கிட்டு, "புதன்கிழமை நாலு மணி எனக்குச் சௌகரியப்படும்"னு சொன்னா. கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தற சாக்குல ஜன்னல் பக்கம் போனேன். ஆலோசகர் எழுந்துவந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சுட்டு, ஜன்னலையும் சாத்திட்டா. ரெண்டு மணி நேரம். வெளியில வந்தப்போ என் மனைவி முகத்தைக் கழுவியிருந்தா. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல. கேட்டா என்னோடதை அவ கேட்பாளே.

அதுக்கப்புறம்தான் தட்டு சாய ஆரம்பிச்சுது. அந்தப் புதன்கிழமையிலேர்ந்து பொண்ணு சரியா சாப்பிடறதில்ல. லேப்ல இருந்தப்போ காலையிலேர்ந்து இருநூறு பேரோட ரத்தத்தைப் பார்த்துட்டு வந்து, மூணு தடவை சோறு போட்டுச் சாப்பிடுவா. இப்போ ரெண்டு வாய். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவங்கம்மா, நடுவுல அவ. எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காம தட்டையே பார்த்துட்டு இருக்கா. ரத்தத்தைப் பார்த்தும் போகாத பசி, என் கணக்கைப் பார்த்துப் போயிடுச்சு. லேப்லயும் ரகசியம் இருந்துது. ஊருல பாதிப் பேருக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியும், ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல. ஆனா அந்தப் பாதிப் பேரோட உக்கார்ந்து அவ தினம் சாப்பிட வேண்டியதில்லையே. என்னோட பதினோரு வருஷத்துப் பாரத்தை நான் ஒரு செவ்வாய்க்கிழமை இறக்கி அவ தலையில வெச்சுட்டு, அன்னையிலேர்ந்து நல்லாத் தூங்கறேன். தூங்க வேண்டிய வயசுல அவ முழிச்சுட்டு இருக்கா. எங்க ரெண்டு பேருக்கே இப்படின்னா, நாளைக்கு இருநூறு வீட்டுக் கதையை எங்கே கொண்டுபோய் வைப்பா?

ஆகவே மேலாளர் அவர்களே, நிறுத்துப் பார்த்ததில் நான் கண்டது இது. முள் நட்டநடுவில் நிற்கிறது. ஒரு தட்டில், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாய், திட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற கை. இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று நான் சத்தியம் செய்வேன். இன்னொரு தட்டில், அவள் சாப்பிடாமல் வைக்கிற சோறு. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ வியாபாரிகள் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவதைப் பார்த்து அபராதம் போட்டிருக்கிறேன். இன்றைக்கு முதல் தடவையாக நானே அழுத்துகிறேன். மொத்த மதிப்பெண் கேட்கும் கடைசிக் கேள்விக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறேன். இது அவள் வேலைக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை. அவளை வீட்டுக்கு மகளாக மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு தகப்பன் செய்கிற கள்ளத்தராசு. லேப்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார் என்பதால், முடிவைச் சீக்கிரம் தெரிவிக்கவும். இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் வைக்கவும்.

தங்கள் நிறுவனம் மேன்மேலும் வளரட்டும். தங்களிடம் பணம் போட்டவர்களுக்குப் போட்டதாவது திரும்பக் கிடைக்கட்டும். தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசிகள், காவலாளிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள முதல் வாடிக்கையாளர்
(எடை அளவு ஆய்வாளர், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை முடித்து, மேஜையில் வைத்துவிட்டு, குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், மூக்கில் என் கண்ணாடி. முப்பது வருஷமா என் கண்ணாடி அவளுக்கு ஒத்துக்காதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். எல்லாப் பக்கத்தையும் படிச்சு முடிச்சுட்டா. ஈரத் துண்டோட அப்படியே நின்னுட்டேன். எழுந்துபோய் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டெல்லாம் எடுத்து வெளியில வெச்சு, அடியிலேர்ந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னாடி வெச்சா. பச்சைக் கலர். வட்ட முத்திரை. வரிசை எண் 213.

எனக்கு முன்னாடியே கொடுத்திருக்கா. அதே நாள். ஒன்பது வருஷம் திரைச்சீலை தைச்சுச் சேர்த்த காசு, சின்னதா ஒரு கடை வைக்கணும்னு. "அவன் வந்தப்போ நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. பின்வாசல்ல வெச்சுக் கொடுத்தேன்"னா. நான் குளிக்கப் போற நேரத்துலதான் இந்த வீட்டுல எல்லாமே நடக்குது. தலையைத் துவட்டிட்டு வந்து நான் முன்வாசல்ல கொடுத்திருக்கேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"ன்னேன். "ஊருல இருக்கற கள்ளத் தராசை எல்லாம் பிடிச்ச மனுஷன் பொண்டாட்டியே ஏமாந்துட்டான்னு உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிப்பாங்களேன்னு சொல்லல"ன்னா. நான் என் மானத்துக்காக மறைச்சேன், அவளும் என் மானத்துக்காகவே மறைச்சிருக்கா. கடலுக்கு ஏன் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்கலன்னும் அப்போதான் புரிஞ்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ என் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு என்கிட்டயே கொடுத்தா.

எடைக்கல் பெட்டியைத் திறந்து என்னோடதையும் எடுத்துட்டு வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம். ஆறு மணிக்கு மகள் வந்தா. செருப்பைக்கூடக் கழட்டாம மேஜையைப் பார்த்தா, 213, 214. எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. இருபத்தெட்டு நாளா ரெண்டு ஃபைல்லயும் அதே இஸ்திரியை வெச்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்கார்ந்து சாப்பிட்டிருக்கு என் குழந்தை. "அம்மாகூட அந்த 'வீட்டுல சொல்ல மாட்டேன்'ங்கற அஞ்சாவது விடையைத்தான் கேட்டாங்கப்பா"ன்னு மட்டும் சொன்னா. அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து உக்கார்ந்து, "பசிக்குது"ன்னா. மூணு தடவை சோறு வாங்கினா. நானும் என் மனைவியும் சாப்பிடாம அவ சாப்பிடறதையே பார்த்துட்டு இருந்தோம்.

லேப்காரருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். படிவத்தில் இரண்டை அடித்து நான்கு போட்டு, அடித்த இடத்தில் முறைப்படி சிறுகையொப்பம் இட்டிருக்கிறேன். ஒன்று குறைத்ததற்குக் காரணம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலிங் பெல் ஐந்து நிமிடம் தாமதமாக அடித்தது. கட்டைவிரலை எடுத்தாயிற்று, இது சரியான எடை. தங்கள் கேள்வித்தாளில் ஐந்தாவது விடையைச் சேர்த்து அச்சடித்தால் பல வீடுகளுக்கு உபகாரமாக இருக்கும். என் மனைவியும் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படிவத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். எத்தனை போட்டாய் என்று கேட்டேன். "அது வேற ஃபைல்" என்றாள்.